சர்க்கரைக் காலுக்கு எம்சிஆர் செருப்பு: எதைப் பார்த்து வாங்குவது

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு போய்விடலாம். சர்க்கரை நோய் இருந்து, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று டாக்டர் சோதித்துச் சொல்லியிருந்தால், மெத்தென்ற ரப்பர் உள்தளம் வைத்த நல்ல எம்சிஆர் செருப்பை மருந்துச் செலவில் ஒன்றாகவே வைத்து வாங்கிவிடுங்கள். உணர்ச்சி நன்றாக இருக்கிறது, ரத்த ஓட்டமும் பாதத்தின் வடிவமும் சரியாக இருக்கிறது என்றால் இது கட்டாயமில்லை. கடிக்காத, அளவான, பின்வார் உள்ள எந்தச் செருப்பும் போதும். ஆனால் எம்சிஆர் என்று அட்டையில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த மூன்று எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இதைப் போடுபவர் அப்பா. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செருப்பைக் கையில் எடுத்தால் விலைச் சீட்டைப் பார்க்க மாட்டார். திருப்பி அடியைப் பார்ப்பார், ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பார், தையலை விரலால் தடவிப் பார்ப்பார். அதனால் கீழே செருப்பின் வேலைப்பாட்டைப் பற்றி நான் சொல்வதில் பாதி அவருடைய கண். மீதி, பாத சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் அம்மா சொல்லிக்கொடுத்தது.

அங்கே செய்த சோதனையை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் செருப்பு வாங்குவதில் அர்த்தமில்லை. மோனோஃபிலமெண்ட் என்று ஒரு நைலான் இழை. 10 கிராம் விசைக்கு வளைகிற மாதிரி செய்திருப்பார்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் சில இடங்களில் அது வளைகிற அளவுக்கு மட்டும் தொட்டு எடுப்பார்கள். தெரிகிற இடத்தில் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். கட்டைவிரலின் அடியில் நர்ஸ் வைத்து எடுத்து முடித்துவிட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டே, "இன்னும் வைக்கலையாம்மா?" என்று கேட்டார். "வச்சு எடுத்துட்டேன் ஐயா" என்றார் அந்த அம்மா. பக்கத்தில் நின்ற எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதுவரை அப்பா காலில் எந்தப் புண்ணும் வந்ததில்லை, வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வலி சொல்லாமல் இருந்ததுதான் பிரச்சினை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சர்க்கரை நெடுநாள் கூடுதலாகவே இருந்தால் கால் நரம்பு மூன்று விதமாகக் கெடுகிறது. தொடு உணர்ச்சி, வலி, சூடு தெரிவது குறைகிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது. பாதத்துக்குள்ளே இருக்கும் சின்னத் தசைகளுக்குப் போகும் நரம்பும் கெடுவதால் விரல்கள் மெல்ல மடங்கிக்கொள்கின்றன, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனைகள் கீழே துருத்துகின்றன, நடக்கும்போது உடம்பின் பாரம் அந்தச் சின்ன இடத்தில் குவிகிறது. அப்புறம் வியர்வை நரம்பு. அது கெட்டால் தோல் வறண்டு பித்தவெடிப்பு ஆழமாக விழுகிறது. பாரம் குவிகிற இடத்தில் தோல் தடித்துக் காய்த்துப்போகும், அந்தக் காய்ப்பே உள்ளிருந்து அழுத்த, அடியில் தசை நசுங்கிப் புண்ணாகும். மேலே பார்த்தால் வெறும் காய்ப்பு மாதிரிதான் தெரியும். சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறை பாதப்புண்ணுக்கு ஆளாகிறார்கள் என்பது உலக அளவிலான மதிப்பீடு. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் 2023இல் வெளியிட்ட ஆய்வுப்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. இத்தனை பேரில் எத்தனை பேர் காலை யாராவது இழை வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் கவலையாக இருக்கிறது.

எம்சிஆர் என்பது மைக்ரோசெல்லுலார் ரப்பர். உள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்றறைகள் நிறைந்த ரப்பர். இது சர்க்கரை நோயாளிகளுக்காக வந்த பொருள் இல்லை, தொழுநோயாளிகளுக்காக வந்தது, அதுவும் எங்கள் வேலூர்ப் பக்கத்தில். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதமும் சிதைவது கிருமி நேரடியாகத் தின்பதால் அல்ல, வலி தெரியாததால் அவர்கள் தங்கள் காலைத் தாங்களே தெரியாமல் காயப்படுத்திக்கொள்வதால்தான் என்று எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் அவர். அந்தக் காலுக்கு ஏற்ற செருப்பைத் தேடித்தான் அவரும் கூட இருந்தவர்களும் இந்த ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள். 1966இல் அவர் அமெரிக்காவில் லூசியானாவில் உள்ள கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அதே அறிவு அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் தொழுநோயாளிகள் போட்டு நடந்த செருப்பின் வம்சம்தான் இன்றைக்கு மெடிக்கலில் பாலித்தீன் உறையில் தொங்குகிறது. "அந்த நோய்க்காரங்க செருப்பு" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கதையைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

சரி, செருப்புக்கு வருகிறேன்.

நாங்கள் முதலில் வாங்கியது மெடிக்கல் கடையில், ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில். அட்டையில் எம்சிஆர், டயாபடிக், டாக்டர்கள் பரிந்துரைப்பது என்று எல்லாம் போட்டிருந்தது. அப்பா கட்டைவிரலால் உள்பக்கத்தை அழுத்தினார், பள்ளமே விழவில்லை. "இது ஈவிஏ, மேல மெல்லிசா எதையோ ஒட்டியிருக்கான்" என்றார். ஈவிஏ என்பது ஒருவகை நுரைப் பிளாஸ்டிக். அது மோசமான பொருள் என்று சொல்லவில்லை, நல்ல செருப்பின் நடு அடுக்குக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பாதத்தைத் தொடும் மேல் அடுக்கு மெத்தென்று இருக்க வேண்டும். பாதப் பிரிவில் ரப்பரின் மென்மையை அளக்க ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள். உணர்ச்சி இல்லாத காலுக்குக் கொடுக்கும் எம்சிஆர் ஷோர் அளவில் 15ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்றார்கள். எண் கூடக் கூடக் கெட்டி. நமக்குக் கருவி வேண்டாம், கட்டைவிரல் போதும்: அழுத்தினால் நன்றாக உள்வாங்கி, எடுத்ததும் முழுசாக மேலே வர வேண்டும். அழுந்தவே அழுந்தாததும் வேண்டாம், அழுந்தி அப்படியே கிடப்பதும் வேண்டாம். இன்னொன்று, அந்த ஜோடியின் முன்வார் ஓரத்தில் தையல் முடிச்சு உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. வலி தெரிந்த காலாக இருந்தால் அரை மணியில் கழற்றி எறிந்திருப்போம். வலி தெரியாத கால் நாள் முழுக்க அதோடு நடக்கும், சாயங்காலம் பார்த்தால் தோல் உரிந்திருக்கும். அந்த ஜோடியை அப்பா போடவே இல்லை, திருப்பிக் கொடுத்தோம்.

இரண்டாவது, ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையோடு சேர்ந்த செருப்புப் பிரிவில் வாங்கியது. ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. இதைத்தான் அப்பா வெளியே போக இன்றைக்கும் போடுகிறார், நான் யாருக்கும் தயங்காமல் சொல்வேன். காலை நிற்க வைத்து அளவெடுத்தார்கள். உட்கார்ந்திருக்கும்போதும் நிற்கும்போதும் பாதத்தின் நீளமும் அகலமும் மாறும், இதை ஷூ கம்பெனியில் இருந்த அப்பாவே ஆமோதித்தார். சாயங்காலம் வரச் சொன்னார்கள், ஏனென்றால் நாள் போகப் போகக் கால் கொஞ்சம் வீங்கும், காலையில் அளந்து வாங்கியது மாலையில் பிடிக்கும். செருப்பின் உள்நீளம் பாதத்தைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும், அகலம் விரல் முட்டிகள் இருக்கும் இடத்தில் பிதுங்காமலும் தொளதொளக்காமலும் இருக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். அப்பாவுக்கு இடது கால் சற்றுப் பெரிது.

இந்த ஜோடியில் அப்பா ஒத்துக்கொண்ட விஷயங்களைச் சொல்கிறேன். ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் பசையும் தையலும்தான். ஆணி அடித்த செருப்பு தேயத் தேய முனை மேலே வரும், உணர்ச்சியில்லாத கால் அதை மிதித்துக்கொண்டே போகும். கீழ் அடி கெட்டியான ரப்பர், முள்ளோ கண்ணாடித் துண்டோ எளிதில் ஏறாது. மேலே மெத்தென்று இருந்து கீழேயும் மெத்தென்று இருக்கும் செருப்பை வாங்கவே வாங்காதீர்கள், கருவேல முள் நேராகப் பாதத்துக்கு வந்துவிடும். வார் மூன்றும் வெல்க்ரோ, அதனால் கால் வீங்கிய நாளில் தளர்த்திக்கொள்ளலாம். பின்வார் இருக்கிறது. பின்வார் ஏன் என்றால், கால் மரத்துப்போனவர்களுக்குச் செருப்பு நழுவிப் போவதே தெரியாது, சிலர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்வார்கள். பின்வார் இல்லாத செருப்பை விடாமல் இருக்க விரல்களை மடக்கி மடக்கிப் பிடிப்பதும் கெடுதல்தான். விரல் இடுக்கில் குமிழ் வைத்த ஹவாய் வேண்டவே வேண்டாம், அந்த இடுக்கில் தோல் உராய்ந்து ஈரம் தங்கிப் புண்ணாகும்.

குறை இல்லாமல் இல்லை. நிறம் கறுப்பும் பழுப்பும்தான், பெண்களுக்கு இருப்பவற்றில் பார்க்கும்படி ஒன்றும் இல்லை. அத்தை ஒருத்தர் இதே காரணத்துக்காகக் கல்யாண வீட்டுக்குப் போடாமல் போகிறார். இதைச் சில்லறைக் குறை என்று ஒதுக்காதீர்கள், அழகில்லாத செருப்பை ஆட்கள் போடுவதில்லை, போடாத செருப்பு யாரையும் காப்பாற்றாது. தயாரிப்பவர்கள் இதில் அக்கறை காட்டினால் நிறையக் கால்கள் தப்பிக்கும் என்று உண்மையிலேயே நம்புகிறேன். கனமும் கொஞ்சம் கூடுதல். மழையில் நனைந்தால் வார்களின் உள்துணி காய நேரமாகிறது. வெயிலில் காயப் போட்டால் பசை விட்டுவிடும் என்று அப்பா விடவே மாட்டார், நிழலில் மின்விசிறிக் காற்றில்தான் காய வைப்பார்.

புதுச் செருப்பை வாங்கிய அன்றே ஊர் சுற்றப் போகக் கூடாது. வீட்டுக்குள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து, கழற்றி, பாதத்தைப் பார்க்க வேண்டும். எங்காவது சிவந்து, கொஞ்ச நேரம் கழித்தும் சிவப்பு போகவில்லை என்றால் அந்த இடத்தில் செருப்பு அழுத்துகிறது. கொண்டுபோய்க் காட்டிச் சரிசெய்து வாங்க வேண்டும். ஒரு நல்ல கடைக்கு அடையாளமே இதுதான்: சரிசெய்து தருகிறேன், வாங்க என்று சொல்கிறவனிடம் வாங்குங்கள். விற்றது விற்றதுதான் என்பவனிடம் வேண்டாம்.

இப்போது வீட்டுக்குள். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். வெளியே போகிற நேரம் கொஞ்சம், வீட்டுக்குள் நடக்கிற நேரம்தான் அதிகம், அந்த நேரம் முழுக்க வெறுங்கால். மாத்திரை அட்டையின் கூர் ஓரம், உடைந்த தட்டின் சில்லு, கட்டில் கால், நாற்காலி முனை, இவையெல்லாம் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி ரூம் இருக்கிற வீட்டுல செருப்புப் போட்டு நடக்கச் சொல்றியா" என்றார். அம்மாதான் வழி சொன்னார்: "அதையே போட்டுக்கிட்டு உள்ள வராதீங்க. புதுசா ஒண்ணு வாங்கி வீட்டுக்குள்ள மட்டும் போட்டுக்கங்க, சாமி ரூம் வாசல்ல கழட்டிடுங்க." அப்படித்தான் நடக்கிறது. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும், வெளியே மண் மிதிக்காத தனி ஜோடி என்றால் பெரியவர்கள் மனசு ஒத்துக்கொள்ளும்.

அப்புறம் கோயில். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை மாதம் உச்சி வேளையில் கருங்கல் பிரகாரத்தில் வெறுங்காலோடு ஒரு சுற்று வந்தால், சூடு தெரிகிற நாமெல்லாம் குதித்துக்கொண்டு ஓடுவோம். தெரியாதவர்கள் நிதானமாக நடந்து முடித்து, பிரசாதம் வாங்கி, வீட்டுக்கு வந்து, இரவில் பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம். டாக்டர்கள் ஒவ்வொரு கோடையிலும் இதைப் பார்க்கிறார்கள். செருப்புப் போட முடியாத இடம் என்பதால் தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டு, காலை ஏழு மணிக்குள் போய்விட்டு வாருங்கள். சாக்ஸ் வெள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது, ரத்தமோ நீரோ கசிந்தால் கறை தெரியும். பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ பாதயாத்திரை என்றால் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் போகவே கூடாது. வேண்டுதல் இருந்தால் வேறு விதமாக நிறைவேற்றலாம், தெய்வம் கோபித்துக்கொள்ளாது.

நாங்கள் வாங்கிய மூன்றாவது ஜோடி, அளவெடுத்துச் செய்தது. ஆம்பூரில் அப்பாவுக்குத் தெரிந்த பாய் ஒருவர் செய்து கொடுத்தார், இரண்டாயிரத்து ஐந்நூறு வாக்கில். பாதத்தின் அச்சை எடுத்து, அப்பாவின் கட்டைவிரல் அடியில் பாரம் குவியும் இடத்துக்குக் குழிவு விட்டு உள்தளம் அமைத்திருக்கிறார். பொது அளவில் கிடைப்பது பொருந்துகிறவர்களுக்கு இது தேவையில்லை. விரல் நன்றாக மடங்கியவர்கள், ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்கள், ஒரு விரல் எடுத்தவர்கள், இவர்களுக்கு இதுதான் சரி, அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்த குறிப்போடு. புண் வந்து ஆறிய காலுக்குச் சில சமயம் அடி வளைவான, மடங்காத செருப்பு சொல்வார்கள், அதை அனுபவமுள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

எந்தச் செருப்பாக இருந்தாலும் ரப்பர் அமுங்கிப்போகும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் குதிகால் இடத்தில் உயிரே இருக்காது. தினமும் போடுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்து, ஒரு வருடத்துக்குள் உள்தளத்தையாவது மாற்றிவிட வேண்டும். மேல்வார் நன்றாகத்தானே இருக்கிறது என்று மூன்று வருடம் ஓட்டுகிறவர்கள் வெறும் ரப்பர் பலகையின் மேல் நடக்கிறார்கள்.

இந்தச் செருப்பால் ஆகாத காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். புண் வந்துவிட்டால் எம்சிஆர் அதை ஆற்றாது. பாதப் புண்ணுக்கு அந்த இடத்தின் மேல் பாரமே விழாமல் செய்ய வேண்டும், அதற்கு மாவுக்கட்டு மாதிரி காலோடு ஒட்டிய கட்டு போடுவார்கள், அதெல்லாம் மருத்துவமனை வேலை. சின்னப் புண்தானே என்று செருப்பைப் போட்டு நடந்துகொண்டே இருப்பது புண்ணை உள்ளே ஓட்டும். செருப்பு ரத்த ஓட்டத்தையும் சரிசெய்யாது; பாதம் சில்லென்று இருந்தால், நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்றால் விடுகிறது என்றால் அதைத் தனியாகக் காட்ட வேண்டும், பீடி சிகரெட்டை அன்றைக்கே நிறுத்த வேண்டும். கால் ஆணிக்கு மெடிக்கலில் விற்கும் ஒட்டுப் பிளாஸ்திரியில் தோலைக் கரைக்கும் அமிலம் இருக்கிறது, உணர்ச்சியில்லாத காலில் அது பக்கத்து நல்ல தோலையும் அரிக்கும். பிளேடால் காய்ப்பைச் சீவுவதும் வேண்டாம். எரிச்சலுக்கு வெந்நீரில் காலை விடுவது நிறைய வீடுகளில் வழக்கம், சூடு தெரியாத கால் வெந்துபோகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் செருப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதையும் சொல்லவே வேண்டியதில்லை.

தினமும் இரவு கண்ணாடியைக் கீழே வைத்து அப்பா பாதத்தின் அடியைப் பார்க்கிறார், கண் மங்கிய நாளில் நான் பார்க்கிறேன். போடுவதற்கு முன் செருப்பைத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிவிட்டுத்தான் காலை விடுகிறார். ஒரு தடவை புளியங்கொட்டை கிடந்தது. உணர்ச்சி இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை சோதனை செய்தால் போதும், உணர்ச்சி போனவர்கள் ஆறு மாதம் அல்லது அதற்கும் முன்னதாக, ஏற்கெனவே புண் வந்தவர்கள் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் காட்ட வேண்டும். டாக்டர் தானாகக் காலைப் பார்க்கவில்லை என்றால் நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

மெடிக்கல் கடை ஜோடிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மருத்துவமனைச் செருப்புப் பிரிவில் வாங்கியதற்கு முழு மனதோடு செய்வேன். அளவெடுத்துச் செய்வது தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும். அடுத்த ஜோடி வாங்கப் போகும்போது பழையதைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். எந்த இடம் அதிகம் அமுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே கால் எங்கே பாரத்தை வைக்கிறது என்று தெரியும். ஆம்பூர் பாயும் அச்சு எடுப்பதற்கு முன்னால் அப்பாவின் பழைய செருப்பைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தார்.